வயலில் நண்பன், குட்டையில் பகைவனா?

கத்தரித் தோட்டத்தில் புழு பொறுக்க பறவைத் தாங்கி நட்டு வைக்கிறோம். கரிச்சான் வந்து உட்கார்ந்தால் சந்தோஷப்படுகிறோம். அதே தோட்டத்து மூலையில் இருக்கும் மீன் குட்டைக்கு ஒரு கொக்கு வந்தால் மட்டும் கல்லை எடுக்கிறோம். இயற்கை உழவர் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது சரியாக இல்லை.

ஓசூர், தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் பாலிஹவுஸ் வந்த பிறகு, கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைக்க பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டைகள் பெருகிவிட்டன. சும்மா கிடக்கிற தண்ணீர்தானே என்று சிலர் அதில் கலர் மீன் விடுகிறார்கள். கோல்டு ஃபிஷ், கோய் கெண்டை. பண்ணை வீட்டுக்காரர்கள் அழகுக்காக விடுகிறார்கள், நம்மவர்கள் விற்பனைக்கு. கொஞ்ச நாளில் நீர்க்காகம் வருகிறது, மடையான் வருகிறது, ராத்திரியில் வக்கா வருகிறது. "எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடுச்சுங்க" என்ற புலம்பல் தொடங்குகிறது.

ஆற்றுக் கெண்டையின் முதுகு சேற்று நிறம். மேலிருந்து பார்த்தால் லேசில் தெரியாது. கோய் அப்படியல்ல. ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் நெல் உழவர்கள், சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையில் நிறம் மாறிப் பிறந்தவற்றை 19ஆம் நூற்றாண்டில் பொறுக்கிப் பெருக்கியதில் வந்தது அது. கரையில் நின்று பார்த்து ரசிக்கவென்றே வளர்த்த மீன். நம் கண்ணுக்குத் தெரிவது கொக்கின் கண்ணுக்குத் தெரியாதா? அதைக் கொண்டுபோய் ஒரு பாசி, ஒரு செடி இல்லாத வழவழப்பான குட்டையில் விட்டால், அது தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரிதான்.

பறவை ஏன் இங்கே வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். பெங்களூர்க் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை நுரையாகப் பொங்கி வருவதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! ஏரி, குட்டைகள் பலவும் கட்டடமும் சாக்கடையுமாகிவிட்டன. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் வரும்.

இப்போது எங்கும் காண்பது தங்கூசி நரம்பு வலை. விலை மலிவு, கட்டுவது சுலபம், கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததுதான் அதன் கெடுதல். பறவை அதைப் பார்த்து விலகிப் போவதில்லை, மாட்டித் தொங்குகிறது. எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பும் சிக்கி, உடம்பு அறுபட்டுச் சாகிறது. அப்புறம் எலிக்கு மருந்து வைக்கிறோம்! செத்த மீனுக்குள் குருணை மருந்து வைத்துப் போடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைத் தின்ற பறவையை நாய் இழுத்துப் போகும். அந்தக் குட்டைத் தண்ணீர்தான் சொட்டுநீரில் நம் பயிருக்கும் போகிறது. கொக்கு, நாரை, நீர்க்காகம் எதைக் கொன்றாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனி.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஊரார், பறவைகளைச் சுடவிடாமல் 1798லேயே வெள்ளைக்கார கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லை தாண்டி மத்தூர் அருகே கொக்கரே பெள்ளூரில், வீட்டு மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவின் எச்சத்தைக் குழியில் சேர்த்து வயலுக்கு எடுத்துப் போகிறார்கள். "அவங்க காசு கொடுத்து மீன் வாங்கி விடலையே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் மீனைக் காக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொல்லாமல் காக்கலாம் என்கிறேன்.

கொக்கும் மடையானும் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் நின்று குத்துபவை. ஓரமே இரண்டு மூன்று அடி ஆழம் இருந்தால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. (ஆனால் விரிப்பு வழுக்கும். குழந்தை விழுந்தால் பிடித்து ஏற நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க விடுங்கள், சுற்றி வேலியும் போடுங்கள். மீனைவிட இது முக்கியம்.) நீர்க்காகம் முங்கிப் பிடிக்கும், ஆழம் அதைத் தடுக்காது. அது தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்பும் என்பதால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வெள்ளைக் கயிற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே இழுத்துக் கட்டினால் இறங்கத் தயங்கும். மீன் ஒளிய இடம் வேண்டும்: உடைந்த சிமெண்ட் குழாய், கவிழ்த்த பானை (அடியில் சாக்குப் போடுங்கள், விரிப்புக் கிழியும்), தொட்டியில் வைத்த அல்லி, மூங்கில் சட்டத்தில் மிதக்கும் தென்னை ஓலை. பட்டாசும் சி.டி. தட்டும் சில நாளைக்குத்தான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

குஞ்சுகளுக்கு மட்டும் வலை கட்டாயம் வேண்டும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் போலச் சிறு தொட்டியில் வைத்து, சுண்டு விரல் நுழையாத தடித்த வலையைத் தொய்வில்லாமல் கட்டி, ஓரளவு வளர்ந்த பிறகு குட்டையில் விடுங்கள்.

ஏற்கெனவே நரம்பு வலை கட்டியிருப்பவர்கள் கழற்றும்வரை காலையும் மாலையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பறவை மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரியால் நரம்பை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். முதலில் தலையில் ஒரு துண்டைப் போட்டு அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கு நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும்.