வருடாவருடம் ஏ.சி.க்கு காஸ் அடிப்பது பராமரிப்பு அல்ல, நட்டம்

கடந்த வாரம் யாழ்ப்பாணம் ஐந்துசந்திக்கு அருகில் புடைவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி. கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கதவு அகலத் திறந்திருந்தது. மேலே பேனும் சுழன்றது. நண்பரோ லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார்.

"என்ன, ஏ.சி. குளிரவில்லையா?" என்று கேட்டேன்.

"காஸ் முடிஞ்சு போச்சு நானா. ஒவ்வொரு வருசமும் இந்த நேரத்தில முடியும். வீட்டு ஏ.சி.யும் அப்படித்தான். நாளைக்கு ஆள் வந்து அடிச்சிடுவார்" என்றார்.

கொழும்பிலிருந்து வரும் துணியில் அரை மீற்றர் குறைந்தாலும் உடனே தொலைபேசி எடுத்துக் கணக்குக் கேட்பவர் அவர். அப்படிப்பட்டவர், ஒரு மெஷினுக்குள் வருடாவருடம் ஊற்றும் பணம் எங்கே போகின்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரைக் குறை கூற எனக்கும் தகுதியில்லை. எனது வீட்டு ஏ.சி.க்கும் மூன்று வருடங்கள் தொடர்ந்து காஸ் அடித்தவன்தான் நான். நாலாவது வருடம் புத்தளத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி, சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு குழாய் இணைப்புகளில் தடவிப் பார்த்தார். சுவருக்கு வெளியே இருந்த ஒரு நட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. மூன்று வருடப் பணமும் அந்த இடத்தினூடாகத்தான் காற்றில் போயிருந்தது. அவர் குழாயின் வாயை வெட்டி, புதிதாக விரித்துப் பூட்டினார். அதன் பிறகு இன்றுவரை அந்த மெஷினுக்குக் காஸ் அடிக்கவில்லை.

காஸ் எரிபொருள் அல்ல

நாம் பலரும் ஏ.சி. காஸை சமையல் காஸ் போலவும் லொறிக்கு அடிக்கும் டீசல் போலவும் நினைக்கின்றோம். ஓட ஓட அது தீர்ந்துவிடும் என்பது எமது எண்ணம். உண்மை அதுவல்ல. ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் வேலை. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலியாள்தான் காஸ். உள்பெட்டியில் ஆவியாகி வெப்பத்தை எடுக்கும், வெளிப்பெட்டியில் திரவமாகி அதை விடும், மீண்டும் உள்ளே வரும். மூடிய குழாய்க்குள் சுற்றும் இந்தக் காஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை.

சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பாருங்கள். அதுவும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றது. பத்துப் பதினைந்து வருடங்கள் இரவு பகலாக ஓடுகின்றது. அதற்கு யாராவது வருடாவருடம் காஸ் அடிக்கின்றோமா? வித்தியாசம் என்னவென்றால், குளிர்சாதனப் பெட்டியின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடப்படுகின்றன. ஏ.சி.யின் உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையிலான குழாயை எமது சுவரில் வைத்துத்தான் பூட்டுகின்றார்கள். அந்த வேலை சரியில்லையென்றால் ஒழுக்கு நிச்சயம். எனவே "காஸ் குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி "எங்கே ஒழுகுகின்றது?" என்பதேயாகும்.

குளிர் குறைவதற்கெல்லாம் காஸ்தான் காரணம் என்பதுமில்லை. தூசி அடைத்த பில்டர், அழுக்கேறிய கொயில், பழுதான கெப்பாசிட்டர், குறைந்த வோல்டேஜ் ஆகிய ஒவ்வொன்றும் அதே குறையைக் காட்டும். சோதிக்காமல் காஸ் அடிப்பது, காய்ச்சல் என்றவுடன் இரத்தப் பரிசோதனையின்றி ஊசி போடுவதற்கு ஒப்பானது.

யாழ்ப்பாணத்தின் நான்கு எதிரிகள்

கொழும்பில் ஏ.சி. பாவனை பல தசாப்தப் பழக்கம். எமக்கு அப்படியல்ல. யுத்த காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, மக்கள் குப்பி விளக்கில் வாழ்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாமோ புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தோம். மீளத் திரும்பியவர்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் கொங்கிறீற் தட்டு வீடு கட்டினோம். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் அந்தத் தட்டு, இரவில் வெப்பத்தைக் கீழே இறக்குகின்றது. எனவே ஏ.சி. தேவைப்பட்டது. மெஷின் வந்தது, அதைப் பேணும் அறிவு கூடவே வரவில்லை.

முதலாவது எதிரி உப்பு. குடாநாட்டில் எந்த வீடும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ வெகு தூரத்தில் இல்லை. வெளிப்பெட்டியின் கொயிலில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதியியல் அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் மாவாக உதிரும். நாவாந்துறை, குருநகர், காரைநகர், வேலணை போன்ற இடங்களில் வாங்குபவர்கள், கொயில் தகட்டுக்கு அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதா என்று விசாரித்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, தூசி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று வீதிப் புழுதியையும் செம்மண்ணையும் அள்ளி வந்து கொயிலில் அப்புகின்றது.

மூன்றாவது எதிரியை நாமே கையால் ஊற்றுகின்றோம். எமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே நீரால் கொயிலைக் கழுவிக் காயவிட்டால் அதே படிவு அங்கேயும் படியும். உவர்த் தண்ணீர் என்றால் சொல்லத் தேவையில்லை. கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைநீரோ, சுத்திகரித்த நீரோ போதும். மாரியில் ஒரு பீப்பாய் பிடித்து வைப்பது பெரிய காரியமல்ல.

நான்காவது, மின்சாரம். எமது மின்விநியோகத்துக்குரிய அளவு 230 வோல்ட். மாலை நேரத்தில் லைனின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு இது இறங்கி வருவதுண்டு. வோல்டேஜ் இறங்கினால் கொம்பிரசர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததனால் நாடே இருளில் மூழ்கியது. மின்சாரம் போவதைவிடத் திரும்பி வரும் கணத்தில்தான் மெஷின்கள் அதிகம் பழுதாகின்றன. மின்சாரம் போனவுடன் ட்ரிப் சுவிட்சை இறக்கி, வந்து ஐந்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். வோல்டேஜ் கூடிக்குறையும்போது தானாகத் துண்டித்து, தாமதித்து இணைக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தினால் இன்னும் நல்லது. ஒரு கொம்பிரசரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு அற்பமானது.

நாமே செய்யக்கூடியவை

உள்பெட்டியின் பில்டரைக் கழற்றிக் கழுவ எந்த டெக்னீசியனும் தேவையில்லை. வீட்டில் மாதம் ஒரு முறை, கடையிலும் சோளகக் காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி, நிழலில் உலர்த்திப் பூட்டுங்கள். அடைபட்ட பில்டரை மாற்றினால் ஏ.சி.யின் மின்பாவனை 5 முதல் 15 வீதம் வரை குறையலாம் என அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகின்றது. இங்கே 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. பிறகு சில தடவைகள் குறைந்தாலும், அந்த ஏற்றத்தின் அடியை வாங்கியவர்களுக்கு இந்த 15 வீதத்தின் பெறுமதி தெரியும்.

உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசியோ பூச்சியோ அடைத்திருக்கும். கொயிலில் ஐஸ் பிடித்தால் உடனே குளிரூட்டலை நிறுத்தி, பேனை மட்டும் ஓடவிட்டு ஐஸ் உருகிய பின் பில்டரைப் பாருங்கள். பில்டர் சுத்தமாக இருந்தும் திரும்ப ஐஸ் பிடித்தால்தான் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். வெளிப்பெட்டியின் பேன் சுழன்று, கொம்பிரசர் உறுமிவிட்டு நின்றால் கெப்பாசிட்டர் பழுதாக இருக்கக்கூடும். மலிவான உதிரிப்பாகம்தான். ஆனால் சுவிட்சை அணைத்த பின்னும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். மின்பலகைக்குள் பல்லி புகுந்து செத்து மெஷின் நின்ற கதைகளும் எமது ஊரில் ஏராளம்.

கடைக்காரர்களுக்கு ஒரு விசேட வேண்டுகோள். வெளிப்பெட்டிக்கு முன்னால் கார்ட்போர்ட் பெட்டிகளை அடுக்காதீர்கள். வெப்பம் வெளியேற வழியில்லாத மெஷின், வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் மனிதனைப் போன்றது. 18 பாகையில் வைத்தால் கடை சீக்கிரம் குளிரும் என்பதும் தவறான எண்ணம். அந்த இலக்கை அடையும்வரை மெஷின் ஓய்வின்றி ஓடும், அவ்வளவுதான். 25, 26 பாகையில் வைத்து மேலே பேனைப் போட்டு, கதவைச் சாத்தினால் போதுமானது.

டெக்னீசியனிடம் கேட்க வேண்டியவை

ஏ.சி. திருத்துபவர்கள் அனைவரையும் நான் குற்றம் சாட்டவில்லை. நேர்மையாக ஒழுக்குத் தேட ஒரு மணித்தியாலம் எடுப்பவரிடம், "அங்க ஒருத்தர் அரை விலைக்கு அடிக்கிறார்" என்று பேரம் பேசுபவர்கள் நாங்கள்தான். அரை விலைக்கு அரை வேலைதான் கிடைக்கும். அவரும் காஸை ஏற்றிவிட்டுப் போய்விடுவார், அடுத்த வருடமும் வருவார்.

ஆகவே விலையைப் பேசுவதற்கு முன் வேலையைப் பேசுங்கள். ஒழுக்கைச் சோதித்தீர்களா? திருத்திய பின் நைதரசன் ஏற்றி அழுத்தம் பார்ப்பீர்களா? காஸ் ஏற்றும் முன் வக்கியூம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுப்பீர்களா? மெஷினின் தகட்டில் குறிப்பிட்ட அளவைத் தராசில் நிறுத்து ஏற்றுவீர்களா? எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா? இந்த ஐந்துக்கும் "ஆம்" என்பவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். நிறுத்து விற்கும் எங்களுக்கு, நிறுத்து வாங்கும் உரிமையும் உண்டு.

காஸின் பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். பழைய மெஷின்களில் ஆர்-22, அதன் பின் வந்தவற்றில் ஆர்-410ஏ, புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கும். ஒன்றுக்குரிய மெஷினில் மற்றொன்றை ஏற்றக் கூடாது. ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22 ஐவிட ஏறக்குறைய 60 வீதம் அதிகம். ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது.

ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் இணைந்தது. அதன்படி வளர்முக நாடுகள் ஆர்-22 போன்ற காஸ்களின் பாவனையை 2025 இல் 67.5 வீதத்தால் குறைத்து, திருத்த வேலைகளுக்கான சிறு அளவைத் தவிர 2030 இல் முற்றாக நிறுத்த வேண்டும். எனவே ஆர்-22 மெஷினின் கொயில் அரித்துவிட்டால், அதற்கு மேலும் பணம் ஊற்றாமல் புதிய இன்வேர்ட்டர் மெஷினுக்குச் சேமிப்பதே கணக்குத் தெரிந்தவனின் முடிவு. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களும் செப்புக் குழாயை அப்படியே வெட்டி, காஸைக் காற்றில் விடாமல், அதை உறிஞ்சி எடுக்கும் கருவி உள்ளவரைக் கொண்டு எடுப்பித்த பின் வெட்ட வேண்டும்.

ஒரு யோசனை

ஒரே வீதியில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரு நல்ல டெக்னீசியனோடு வருடத்துக்கு இரண்டு சேர்விஸ் என எழுத்தில் ஒப்பந்தம் செய்தால் என்ன? சோளகம் தொடங்கு முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. அவருக்கு நிரந்தர வருமானம், எமக்கு நிரந்தரப் பொறுப்பாளி. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கடையில் எடுபிடி வேலை பார்க்கும் எமது பிள்ளைகளில் இரண்டு பேரையாவது குளிரூட்டல் துறையில் தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிக்கு அனுப்பினால், நாளை அந்தப் பொறுப்பாளி எமது வீதியிலேயே இருப்பான்.

நண்பரின் கடைக்கு மறுநாள் ஆள் வந்தார். நான் சொன்னபடி நண்பர் "எங்கே ஒழுகுகின்றது?" என்று கேட்டிருக்கின்றார். வந்தவர் சற்று யோசித்துவிட்டு, முதலில் பில்டரைக் கழற்றினாராம். அதில் ஒரு வருடத்துத் துணிப்பஞ்சு போர்வை போல் படிந்திருந்தது. கழுவிப் பூட்டியதும் கடை குளிர்ந்தது. அன்று காஸ் அடிக்கத் தேவைப்படவில்லை.

கடந்த வருடங்களில் அடித்த காஸெல்லாம் எதற்கு என்று நண்பர் இப்போது என்னிடம் கேட்கின்றார். அந்தக் கேள்வியை ஒவ்வொரு முதலாளியும் தனது பழைய பற்றுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தன்னிடமே கேட்டுப் பார்க்க வேண்டும்.