எத்தனை மில்லிகிராம்?

உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் சத்துப் பானங்களை வாங்குகிறவர்கள் டப்பாவின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது நல்லது. வைட்டமின்கள் அங்கே வரிசையாக இருக்கும். சி இத்தனை மில்லிகிராம், பி6 இத்தனை, பி12 இத்தனை மைக்ரோகிராம், அன்றாடத் தேவையில் இத்தனை விழுக்காடு என்று பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை எழுதியது போன்ற சுத்தமான பட்டியல். அதற்குக் கீழேதான் சங்கதி. எந்தச் சரக்கைச் சொல்லி டப்பா விற்கப்படுகிறதோ அந்த பீட்டா-அலனின், சிட்ருலின், கிரியேட்டின், டாரின், பிசிஏஏ எல்லாவற்றையும் ஒரே வரியில் மூட்டை கட்டி, ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று பெயர் சூட்டி, மொத்த எடையை மட்டும் போடுவது இந்த வியாபாரத்தில் பழகிப்போன வழக்கம். அதில் எது எவ்வளவு என்று கேட்டால், அது நிறுவனத்தின் ரகசியமாம்.

இந்த ரகசியத்துக்கு இனி இடம் தரக்கூடாது. சத்துப் பானம் என்று விற்கப்படும் எந்தப் பொருளிலும், சேர்க்கப்பட்ட ஒவ்வொன்றின் அளவும் தனித்தனியாக அச்சிடப்பட வேண்டும். அரசு ஆய்வகம் சோதித்துப் பார்த்த முடிவுகள் பிராண்டின் பெயரோடு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சந்தை வாங்குகிறவனுக்கான சந்தையல்ல.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பீட்டா-அலனின் பலன் தருவதாகச் சொல்லும் ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை, அதுவும் வாரக்கணக்கில். கிரியேட்டினுக்கு 3 முதல் 5 கிராம். சிட்ருலின் மாலேட் பெரும்பாலும் 8 கிராம். மூன்றுக்கும் குறைந்த அளவைக் கூட்டினாலே 14 கிராமைத் தாண்டுகிறது. கலவை வரியோ ஆறேழு பொருளுக்கும் சேர்த்து 5 கிராம் என்று சொன்னால், அதில் பெரும்பாலானவை பெயருக்குத் தூவப்பட்டவை என்பதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இந்தத் துறையே மோசடி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. கிரியேட்டின் நெடுங்காலம் ஆராயப்பட்ட, வேலை செய்கிற பொருள். காஃபீனும் அப்படித்தான். வேலை செய்கிற பொருள்கள் இருப்பதால்தான் அவற்றின் அளவு தெரிய வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் வைட்டமின் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை வெளிப்படை? பி வகை வைட்டமின்கள் மலிவு, தேவைப்படும் அளவும் துளி. சில காசு செலவில் ‘அன்றாடத் தேவையில் ஆயிரம் விழுக்காடு’ என்று போட்டுக்கொள்ள முடிகிறது. பி2 தேவைக்கு மேல் உள்ளே போனால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும். சத்து உடம்பில் பிடிக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்லும் ஜிம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். உடம்பு வேண்டாம் என்று வெளியே தள்ளியதன் நிறம் அது.

நீரில் கரையும் வைட்டமின்தானே, அதிகமானால் தானே வெளியேறிவிடும் என்ற ஆறுதல் பி6-க்குப் பொருந்தாது. பெரியவர் ஒருவருக்கு அன்றாடம் தேவைப்படுவது சுமார் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் உச்ச வரம்பை 2023-இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நீண்ட நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும் என்பதே காரணம். ஆஸ்திரேலியாவில் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும் தயாரிப்புகளில் இந்த எச்சரிக்கையை அச்சிட்டாக வேண்டும். நம் ஊர் இளைஞர் காலையில் ப்ரீ-வொர்க்அவுட், பயிற்சி முடிந்ததும் வே புரோட்டீன், இரவில் மல்டிவைட்டமின் மாத்திரை என்று மூன்று வழியில் பி6-ஐயே எடுத்துக்கொள்கிறார். மூன்றையும் கூட்டிப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பீட்டா-அலனின் குடித்த சிறிது நேரத்தில் முகத்திலும் காதிலும் ஊசி குத்துவதுபோல் ஒரு குறுகுறுப்பு வரும். அது தீங்கற்றது, தானே அடங்கிவிடும். ‘மருந்து ஏறிடுச்சு’ என்று அதைக் கொண்டாடப் பழகியவருக்கு, பி6 மிகுதியால் பாதத்தில் வரும் எரிச்சலை வேறுபடுத்தத் தெரியுமா?

வைட்டமின் சி, ஈ கதை இன்னும் சுவாரசியமானது. 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். கொடுக்கப்படாதவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஆக்சிஜன் சார்ந்த அழுத்தமே உடம்பைத் தேற்றும் சமிக்ஞை. அதை வைட்டமின் ஊற்றி அணைத்துவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒரே ஆய்வு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. ஆனாலும் ‘வைட்டமின் செறிவூட்டப்பட்டது’ என்ற விளம்பர வரி அப்படியே நன்மை என்று பொருள்படாது என்பதற்கு இது போதும்.

அமினோ அமிலங்களுக்கு வருவோம். நம் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9 உணவிலிருந்துதான் வர வேண்டும். அவற்றில் லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்றைப் பிரித்தெடுத்து பழவாசனை சேர்த்துக் கொடுப்பதுதான் பிசிஏஏ பானம். தசை வளர ஒன்பதும் வேண்டும். மூன்று மட்டும் வந்தால் மற்ற ஆறையும் உடம்பு தன் தசையைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த ராபர்ட் வுல்ஃப் 2017-இல் கிடைத்த சான்றுகளை எல்லாம் அலசி, பிசிஏஏ தனியாகத் தசைப் புரத உற்பத்தியைத் தூண்டும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். அதன் பிறகும் டப்பாக்கள் அலமாரியிலிருந்து இறங்கவில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், ஒன்பதும் அடங்கியது. முட்டை வேண்டாம் என்பவருக்கு இட்லி இருக்கிறது. அரிசியில் குறைவான லைசினை உளுந்து ஈடுகட்டுகிறது, உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. சட்னியைப் பொட்டுக்கடலையில் அரைத்தால் புரதம் இன்னும் கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது அவர்கள் வகுத்த அன்றாட அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு அதைப்போல் இரு மடங்கு வரை தேவைப்படலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. சைவ உணவுக்காரர், ஹாஸ்டலில் சாப்பிடுகிறவர், முதியவர் ஆகியோரில் சிலருக்குப் பொடி உதவியாகவும் இருக்கும். அவர்கள் கொடுக்கும் பணத்துக்குச் சீட்டில் சொன்ன புரதம் டப்பாவுக்குள் இருக்க வேண்டுமல்லவா?

இருப்பதில்லை என்பதுதான் செய்தி. கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இந்தியச் சந்தையில் பிரபலமான 36 புரதப் பொடிகளைச் சோதித்து, 2024-இல் ‘மெடிசின்’ ஆய்விதழில் முடிவை வெளியிட்டது. சுமார் 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சம்.

குறைவான புரதம் எப்படிச் சோதனையில் தப்புகிறது? 1883-இல் டென்மார்க்கில் யோஹான் கெல்டால் வகுத்த முறைப்படி, பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு கிடைக்கும். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. ஆகவே விலை மலிந்த கிளைசினையோ டாரினையோ கலந்துவிட்டால் எண் ஏறிவிடும். ‘அமினோ ஸ்பைக்கிங்’ என்று இதற்குப் பெயர். டாரின் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலமே அல்ல. 2008-இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்தவர்கள் ஏமாற்றியதும் இதே சோதனையைத்தான். ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. கிளைசின் மெலமைன்போல் நஞ்சல்ல. ஆனால் நைட்ரஜனை மட்டும் எண்ணும் சோதனையை நம்பிச் சான்றிதழ் தருவது இன்னும் தொடரலாமா? ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியே அளக்கும் முறைகள் எப்போதோ வந்துவிட்டன.

தாது உப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையில் போவது பெரும்பாலும் நீரும் சோடியமும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் சோடியம் போகக்கூடும். வைட்டமின் போவது மிகச் சொற்பம். 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கலக்கிய விளையாட்டுப் பானத்தில் இருந்தது நீர், சர்க்கரை, உப்புகள், எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரம் ஜிம்மில் இருந்துவிட்டு வருபவருக்கு உப்புப் போட்ட மோர் தாராளமாகப் போதும். உண்மையிலேயே தாதுக் குறைபாடு உள்ளவர்கள் இந்தப் பானங்களின் விளம்பரத்தில் வருவதே இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அவர்களுக்கான இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கு நடிகர்கள் விளம்பரம் செய்வது அரிது.

ஒழுங்குபடுத்த முடியாத துறை இது என்று யாரும் கையை விரிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்வழி நீர்ச்சத்துக் கரைசலில் (ஓஆர்எஸ்) லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைப் பின்பற்றாத இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் விற்றன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்தது. ஒற்றை மருத்துவரின் பிடிவாதம் செய்ய வைத்ததை ஆணையம் தானாகவே செய்திருக்கலாம். சத்துப் பானங்களிலும் இன்னொருவர் எட்டு ஆண்டு அலைய வேண்டுமா?

தொழில் தரப்பு வழக்கமாகச் சொல்வது வணிக ரகசியம். தலைவலி மாத்திரையின் அட்டையில் பாரசிட்டமால் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடுகிறார்கள்; அதனால் எந்த மருந்து நிறுவனமும் மூடப்படவில்லை. போட்டி நிறுவனம் தெரிந்துகொள்ள நினைத்தால் டப்பாவை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஆகவே இந்த ரகசியம் காக்கப்படுவது வாங்குகிறவரிடமிருந்து மட்டுமே. அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சத்துப் பொருள்களை முன் அனுமதியின்றி விற்க வழிவிட்டது. கலவையின் மொத்த எடையை மட்டும் போட்டால் போதும் என்ற சலுகையும் அங்கு உண்டு. அங்கிருந்து வந்த பழக்கத்தை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நம்மிடம் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2018 முதல் நடைமுறையில் உள்ள சத்துப் பொருள் விதிகள் இருக்கின்றன. இல்லாதது பல். தவறான சீட்டுக்கு அபராதம் அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம். ஒரு விளம்பர நடிகரின் ஒருநாள் சம்பளத்துக்கு இது காணுமா என்பதே சந்தேகம். அபராதத்தைவிட இவர்கள் அஞ்சுவது பெயர் வெளியாவதற்குத்தான்.

சட்டத்தைத் தில்லி திருத்தும்வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுத்த மாம்பழத்தையும் கெட்டுப்போன இறைச்சியையும் தேடிக் கடை கடையாக ஏறுகிறார்கள் மாவட்ட நியமன அலுவலர்கள். அதே அலுவலர்கள் ஜிம்முக்குள் நுழைந்து பார்ப்பது அரிது. அங்கே விற்பனையாளரும் ஆலோசகரும் ஒரே ஆள்தான், பயிற்சி தரும் மாஸ்டர். டப்பாவைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாக ஸ்கூப் கணக்கில் விற்பதும் நடக்கிறது. அந்தப் பொட்டலத்தில் சீட்டே கிடையாது. அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரியாமல் காக்கும் மெஃபென்டர்மின் ஊசி ஜிம்களில் கைமாறுவதாகப் போலீஸ் வழக்குகள் பதிவாகும் காலத்தில், மாஸ்டர் கொடுத்தால் கேள்வி கேட்காமல் விழுங்கும் பழக்கத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது.

கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. வேறு சில மாவட்டங்களிலும் கூடங்கள் இருக்கின்றன. ஜிம்களிலிருந்தும் இணைய விற்பனையிலிருந்தும் மாதிரி எடுத்து, அமினோ அமிலங்களையும் காஃபீனையும் தனித்தனியே அளந்து, பிராண்டின் பெயர், பேட்ச் எண், சீட்டில் சொன்னது, டப்பாவில் இருந்தது என்று மாதம் ஒருமுறை இணையத்தில் போட்டால் போதும். அளக்கும் கருவி போதவில்லை என்றால் அடுத்த பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும். மாதிரி எடுப்பதைக் காவலர் தேர்வுக்காகவும் ராணுவ ஆள்சேர்ப்புக்காகவும் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடிப் பழகும் மைதானங்களைச் சுற்றியுள்ள கடைகளில் தொடங்கலாம். பெரிய பிராண்டு வாங்கப் பணமில்லாத அவர்களிடம்தான் பெயரில்லாத பொட்டலங்கள் போய்ச் சேருகின்றன.