காத்திருப்போர் ஜாபிதா

வருஷந்தோறும் மாசி, பங்குனி மாதங்களில் நமது நாட்டின் அநேக வீடுகளில் ஒருவிதக் கவலை குடிகொள்கிறது. பட்டப் படிப்பை முடித்து, மேல் ஆராய்ச்சிக்காக அமெரிக்க சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் செய்துள்ள வாலிபர்களும் யுவதிகளும் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கண் விழித்து, கடல் கடந்து வரும் மின்னஞ்சலை எதிர்நோக்கியிருக்கிறார்கள். சிலருக்கு இடம் கிடைக்கிறது. பலருக்கு, வருத்தம் தெரிவித்து நாலு வரிக் கடிதம் ஒன்று வருகிறது. இவ்விரு வகையிலும் சேராத மூன்றாவது வகையினரும் உண்டு. அவர்களுக்கு ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், காத்திருப்போர் ஜாபிதாவில் பெயரைச் சேர்த்திருப்பதாகப் பதில் வருகிறது. மறுக்கப்பட்டவர்களையும் காத்திருப்பவர்களையும் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இது ஏதோ சில சீமான் வீட்டுப் பிள்ளைகளின் கவலை என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2023–24-ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். இவர்களில் 1,96,567 பேர் பட்டத்துக்கு மேற்பட்ட கல்வி பயின்றவர்கள். அவ்வாண்டில் வேறெந்த நாட்டினரும் அங்கே இத்தனை பேர் பயிலவில்லை. இவர்கள் உள்ளே சென்றவர்கள். வாசலில் நின்று திரும்பியவர்களின் பெயர் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு விண்ணப்பத்துக்கு 100 டாலரை ஒட்டிய கட்டணம் என்றால், பத்து இடங்களுக்கு எழுதும் மாணவர் கட்டணமாக மட்டும் 80,000 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். எத்தனையோ குடும்பங்களில் இது தாயின் நகையாகவும் தகப்பனாரின் கடனாகவும் இருக்கிறது. ஆகவே, மறுப்புக் கடிதம் ஒரு வீட்டுக்கு வரும்பொழுது அது ஒரு மாணவரை மட்டும் தாக்குவதில்லை.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தை நன்கறிவார்கள். சாட்சியங்களை விசாரித்து, இரு கட்சிகளையும் கேட்டு, வாதிக்குப் பாத்தியதை இல்லையென்று கோர்ட்டு தள்ளிய வழக்கு ஒரு ரகம். அவ்விஷயம் அத்துடன் முடிந்தது. அதையே மறுபடியும் கொண்டுவர இயலாது. விஷயத்தின் நியாயத்தைத் தொடாமலே, வேறொரு காரணத்தினால் தள்ளப்பட்ட வழக்கு மற்றொரு ரகம். அதைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்யலாம். சர்வகலாசாலை அனுப்பும் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகத்தையே சேர்ந்தது. நமது வாலிபர்களோ அதை முதல் ரகமாகப் பாவித்து, தங்கள் அறிவுக்கும் உழைப்புக்கும் எதிராக டிக்ரி ஆகிவிட்டதென்று எண்ணி உள்ளம் ஒடிகிறார்கள். அவ்வாறு எண்ணுவதற்கு ஆதாரமில்லை என்பதே நமது கட்சி.

எப்படியென்று பார்ப்போம். அமெரிக்காவில் விஞ்ஞானப் பகுதிகளில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர், பெரும்பாலும் சம்பளம் கட்டிப் படிப்பவர் அல்லர். சர்வகலாசாலையே அவருடைய கல்விச் செலவை ஏற்று, ஜீவனத்துக்கும் உபகாரச் சம்பளம் அளிக்கிறது. ஒரு மாணவரைச் சேர்ப்பதென்றால் ஐந்து அல்லது ஆறு வருஷச் செலவை ஏற்பதாகும். ஆகையால் இடங்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது பணமேயன்றித் தகுதியுள்ளவர்களின் தொகையன்று. எந்தப் பேராசிரியருக்கு இவ்வருஷம் மானியம் கிடைத்தது, எவர் ஓய்வு பெறுகிறார், எந்த ஆராய்ச்சிசாலையில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கிறது என்பவையெல்லாம் விண்ணப்பதாரரின் கண்ணுக்கு எட்டாத கணக்குகள்.

2025-ஆம் வருஷம் இவ்வுண்மையைப் பட்டவர்த்தனமாக்கிவிட்டது. அவ்வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க தேசிய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனம், தான் வழங்கும் மானியங்களில் மறைமுகச் செலவுகளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தருவதில்லையென்று அறிவித்தது. அதன்மேல் கோர்ட்டுகளில் வழக்குகள் எழுந்தன. பணம் வருமோ வராதோ என்ற நிலையில் பல சர்வகலாசாலைகள் மாணவர் சேர்க்கையைச் சுருக்கின. மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சான் வைத்தியக் கல்லூரி, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகத் தான் முன்னரே எழுதியிருந்த கடிதங்களையே மார்ச்சு மாதத்தில் வாபஸ் பெற்றுக்கொண்டது. கடிதம் வந்த நாளில் தகுதியுள்ளவர்களாயிருந்த மாணவர்கள், அது வாபஸான நாளில் தகுதியற்றவர்களாகிவிட்டார்களா? மாறியது கஜானாவின் நிலைமை. மாணவரின் மூளை மாறவில்லை. முழுக்க இல்லாவிடினும் ஓரளவேனும் இக்கதையே ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மறுப்புக் கடிதத்தின் பின்னாலும் மறைந்திருக்கிறது.

நிற்க. காத்திருப்போர் ஜாபிதா என்பது யாது? ஓர் இலாகாவில் பத்து இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழைக்கப்படும் எல்லோரும் வருவதில்லை. நல்ல மாணவர் ஒருவருக்கு மூன்று, நான்கு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் அழைப்பு வருவதுண்டு. அவர் ஒன்றை ஏற்று மற்றவற்றை விடும்பொழுது, விடப்பட்ட இடங்கள் அந்தந்த ஜாபிதாவில் உள்ளவர்களுக்குச் செல்கின்றன. பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் கவுன்சில் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் மூலமாகப் பல சர்வகலாசாலைகள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. உபகாரச் சம்பளத்துடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-ந் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். நமது சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் அது. மாணவர் நிதானமாக யோசித்து முடிவு செய்வதற்காக ஏற்பட்ட நல்ல விதி இது. ஆயினும் அதன் விளைவாக, ஜாபிதாக்கள் பெரும்பாலும் அந்தத் தேதியை ஒட்டிய சில நாட்களில்தான் அசைகின்றன. அதுவரையில் காத்திருப்பவரின் தலைவிதி அதிகாரிகளின் கையில் இருப்பதைவிட, அவரைப் போன்ற மற்றொரு மாணவரின் கையிலேயே அதிகமாக இருக்கிறது.

இதை நமது இளைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நான்கு அழைப்புகளைப் பெற்ற ஒருவர், அவற்றில் இரண்டை ஒருபொழுதும் ஏற்கப் போவதில்லையென்று பிப்ரவரி மாதத்திலேயே அறிந்திருந்தும், கடைசித் தேதி வரையில் மௌனமாயிருக்கிறார். விதி அவருக்கு அவகாசம் அளிக்கிறது, வாஸ்தவம். ஆனால் தமக்கு வேண்டாத இடத்தைப் பற்றியும் அவகாசத்தைக் கோருவது எந்த தர்மத்தைச் சேர்ந்தது? அவர் கையில் வீணே பூட்டிக் கிடக்கும் இடத்துக்காக, மதுரையிலோ மாயவரத்திலோ அவருடைய பழைய சகபாடியே கண் விழித்திருக்கக்கூடும். வேண்டாத அழைப்பை வேண்டாமென்று அன்றே எழுதிவிடுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். பொதுநலத்தைப் பற்றி மேடைகளில் பேசும் வாலிபர்கள் இந்தச் சிறு பொதுநலத்திலிருந்து ஆரம்பிப்பது நன்று. தேர்வில் முதல்வராக வந்தவருக்கு வரிசையில் பின்னால் நிற்பவரிடத்தில் ஒரு கடமை உண்டு.

காத்திருப்பவர் செய்ய வேண்டியது என்ன? ஜாபிதாவில் இருக்கச் சம்மதமென்று உடனே தெரிவிக்க வேண்டும். அந்த இடமே தமது முதல் விருப்பமானால் அதையும், விண்ணப்பத்துக்குப் பின் முடித்த வேலை ஏதேனும் உண்டானால் அதையும், சுருக்கமாக ஒருமுறை எழுதலாம். ஜாபிதாவில் வரிசைக்கிரமம் உண்டா, இடம் கிடைத்தால் உபகாரச் சம்பளமும் சேர்ந்து கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்கலாம். அதற்கு மேல் வாரந்தோறும் கடிதம் எழுதுவதால் பயனில்லை. இதனிடையே, வேறோர் இடம் உறுதியாகக் கையிலிருந்தால் அதைக் கைநழுவ விடலாகாது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, ஜாபிதாவை நம்பி நிச்சயமான அழைப்பை இழந்தவர்கள் உண்டு. எழுத்து மூலமான அழைப்பு கைக்கு வராத வரையில் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்வதும், கடன் வாங்குவதும், சாமான் கட்டுவதும் கூடாது. ஏப்ரல் இறுதியில் அழைப்பு வந்தாலும், விசா பெற்று ஆகஸ்டில் வகுப்பில் அமர்வதற்குக் கால அவகாசம் குறைவு என்பதும் நினைவிலிருக்கட்டும். இலவு காத்த கிளி செய்த பிழை காத்திருந்தது மட்டுமன்று. வேறு மரத்தை நாடாமல் காத்திருந்ததே பிழை.

மறுக்கப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. முதல் சில நாட்கள் துக்கப்படட்டும். அது மனித இயல்பு. பிறகு தமது விண்ணப்பத்தை, எதிர்க்கட்சி வக்கீல் படிப்பதுபோல் படித்துப் பார்க்கட்டும். தாம் செய்ய விரும்பும் ஆராய்ச்சியை அந்த இலாகாவில் யாராவது செய்கிறார்களா? சிபாரிசுக் கடிதம் எழுதியவர் தமது வேலையை நேரில் அறிந்தவரா? பெரும் பெயர் பெற்ற ஸ்தாபனங்களை மட்டுமே குறிவைத்தோமா? இக்கேள்விகளைத் தம்மை அறிந்த ஆசிரியர் ஒருவருடன் உட்கார்ந்து ஆராய்ந்தால், டிசம்பரில் வரும் அடுத்த விண்ணப்பம் வேறு விதமாக இருக்கும். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்கவில்லை. வேலூர் வைத்தியக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. பரோடாவில் படித்தார், ஒஹாயோ சர்வகலாசாலையில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார், பிறகு உயிரியலுக்காக மீண்டும் மாணவரானார். அதன் பின்னர் ஆசிரியப் பதவிக்காக ஏறக்குறைய 50 இடங்களுக்கு எழுதியும் பயனில்லை. 2009-ல் அவருக்கு ரசாயன நோபெல் பரிசு கிடைத்தது. தள்ளப்பட்டவர்களெல்லாம் நோபெல் பரிசு பெறுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தள்ளியவர்கள் அளந்து பார்த்தது மனிதரின் முழு அளவையன்று என்றே சொல்லுகிறோம்.

பொறுத்துக்கொள்ளத் தகாத மறுப்பும் ஒன்றுண்டு. 1933-ல் பம்பாயைச் சேர்ந்த கமலா பாகவத் என்ற யுவதி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். தகுதியில் குறையில்லை; பெண் என்ற காரணத்தால், அன்று டைரக்டராயிருந்த சர் சி. வி. ராமன் மறுத்தார். அவர் நேரில் சென்று விடாது வாதாடி, ஒரு வருஷம் பரீட்சார்த்தமாக என்ற நிபந்தனையின்மேல் இடம் பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹொனி என்று உலகம் அறிந்தவர் அவரே. இடமில்லை என்ற மறுப்பைச் சகிக்கலாம். பிறப்பையோ பாலையோ காட்டி மறுத்தால் சகிக்கலாகாது. இரண்டையும் பகுத்தறிந்து, முதலாவதற்குப் பொறுமையையும் இரண்டாவதற்குப் போராட்டத்தையும் பதிலாக அளிப்பதே விவேகம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததே என்ற ஒரு வாக்கியம் சர்வகலாசாலையின் கடிதத்தைவிடக் கொடியது. மகனோ மகளோ கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டையும் பேச்சையும் மறந்து நாட்களைக் கடத்தினால் தனியே விடாதீர்கள். அருகில் இருங்கள்; வைத்தியரை நாடவும் கூச வேண்டாம். இடம் அடுத்த வருஷம் கிடைக்கும். பிள்ளை கிடைக்க மாட்டான்.

முடிவாக, நமது நாட்டின் கடமையையும் கூறாமல் விட முடியாது. பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனமும், 1962-ல் சென்னையில் ஏற்பட்ட கணித விஞ்ஞான நிலையமும் உலகம் மதிக்கும் ஸ்தாபனங்களே. தேசியத் தகுதித் தேர்வில் தேறிய இளம் ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் விதிக்கப்பட்டிருக்கிறது. அது மாதந்தோறும் தவறாமல் கைக்குச் சேர வேண்டும். இடங்களும் பெருக வேண்டும். ஆனால் 2020–21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டோம். அமெரிக்கா 3 சதவீதத்துக்கு மேல் செலவிட்டது. நமது கையைச் சுருக்கிக்கொண்டு, பிறர் வாசல் அடைபட்டதென்று வருந்துவதில் பொருளில்லை. இங்குள்ள சர்வகலாசாலைகளும் விண்ணப்பித்தவரை மாதக்கணக்கில் இருட்டில் நிறுத்தாமல், குறித்த நாளில் முடிவைத் தெரிவித்து, கேட்பவருக்குக் காரணமும் கூறும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். மறுப்பவனுக்கும் ஒரு மரியாதை உண்டு. அது தாமதமின்றி உண்மையைச் சொல்வது.

சித்திரை பிறந்ததும் ஜாபிதாக்கள் அசையும், சிலருக்குக் கதவு திறக்கும், சிலருக்குத் திறக்காது. திறக்காதவர்கள் அடுத்த நாள் காலையில் தங்கள் புஸ்தகத்தைத் திறப்பார்களானால், நமது நாடு எதையும் இழந்துவிடவில்லை என்று தைரியமாகக் கூறுவோம்.