வேகக் காரை நிறுத்துவது எப்படி?

நிவித்திகலையிலிருந்து மாணவ நேயர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "சூப்பர் கார் என்று சொல்லப்படும் விலையுயர்ந்த வேகக் கார்களை வைத்திருப்போர், இடையிடையே அவற்றைப் பந்தயத் தளங்களுக்குக் கொண்டுசென்று ஓட்டுகிறார்களாம். வீதியில் ஓடும் காரை அதற்கேற்ப எவ்வாறு தயார் செய்வார்கள்? எஞ்சினுக்கு இன்னும் வலுவூட்டுவார்களா?" என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம். எஞ்சினைத் தொடவே வேண்டியதில்லை. அக்கார்களின் எஞ்சினில் உள்ள வலு, தளத்துக்கு முதன்முறை செல்பவருக்குத் தேவையானதைவிட அதிகம். பணமும் கவனமும் செலவிடவேண்டிய இடம் பிரேக். அடுத்தது டயர். எங்கள் வீட்டில் சூப்பர் காருமில்லை, சாதாரண காருமில்லை என்று நேயர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொழுந்து ஏற்றிய லொறிக்கும் பாடசாலை வானுக்கும் பொருந்துகின்ற விஞ்ஞானமே இங்கும் உள்ளது.

இத்தகைய கார்களுக்கு முன்னோடியாகப் பலரும் கூறுவது 1966ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து வெளிவந்த லம்போகினி மியூரா என்னும் காரையாகும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னால் குறுக்காக வைத்திருந்தார்கள். அத்தகைய காரின் முழு வேகத்தையும் பொது வீதியில் காண முயல்வது குற்றம். பிறர் உயிருக்கும் ஆபத்து. ஆகவேதான் கட்டணம் செலுத்தித் தமது காரைத் தளத்தில் ஓட்டும் நாட்கள் ஏற்பட்டன. இவை பந்தயங்களல்ல, பரிசுமில்லை, முதலிடமுமில்லை. முந்திச் செல்வதற்குக்கூட இன்ன இடத்தில், இன்ன முறையில் என்ற விதியுண்டு.

தளங்களின் வரலாற்றில் ஒரு வேடிக்கையுண்டு. உலக யுத்தம் விட்டுச்சென்ற விமானத் தளங்கள் பல பின்னர் காரோட்டும் களங்களாகின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் அப்படிப்பட்டது. 1950 மே 13ஆம் திகதி உலக சாம்பியன் பட்டத்துக்கான முதலாவது போட்டி அங்குதான் நடைபெற்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் அமைந்தது. நம் நாட்டில் களுத்துறைக்கு அப்பாலுள்ள கட்டுக்குருந்தையும் யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் இறங்கிய இடமே. மலைநாட்டிலோ விமானத் தளத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தோட்டத்துப் பாதையில் ஆரம்பமாகிவிட்டது.

இனி பிரேக்குக்கு வருவோம். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் நேர்பாதையில் வருகிறது. எதிரே வளைவு. நான்கைந்து விநாடிகளில் வேகத்தை 80 கிலோமீற்றராகக் குறைக்கவேண்டும். அப்போது கழியவேண்டிய சக்தி, அறை வெப்பநிலையிலுள்ள ஆறு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்று ஒரு சிறு பங்கை ஏற்கும். மீதி அனைத்தும் பிரேக் தட்டுகளிலும் பேட்களிலும் வெப்பமாக இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வேகம் இருமடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் அறிவர். வீதியில் ஒரு மாதம் முழுவதும் காணாத சூட்டைத் தளத்தில் கால் மணி நேரத்தில் பிரேக் கண்டுவிடும். தட்டின் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு.

இவ்வெப்பம் இரு வழிகளில் சாரதியைக் கைவிடும். முதலாவது, பேட் தன் தாங்கும் எல்லையைக் கடந்து வழுக்கத் தொடங்குவது. மிதி காலுக்கு உறுதியாகவே இருக்கும். கார் மட்டும் நிற்காது. செங்குத்தான தோட்டத்துப் பாதையில் பாரத்துடன் இறங்கும் லொறிச் சாரதி இதை நன்கறிவார். அவர் பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டு வருவதில்லை; கீழ்க் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துவரும்படி செய்கிறார்.

இரண்டாவது வழி இன்னும் கொடியது. கராஜ்களில் பிரேக் ஒயில் என்று சொல்லப்படும் திரவம், காலின் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. திரவம் அமுங்காது என்பதனால்தான் இவ்வேலை நடக்கிறது. சூடு மிஞ்சித் திரவம் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கும். சாரதி மிதித்த மிதி தடையின்றித் தரைவரை இறங்கிவிடும். முன்னறிவிப்பு எதுவும் பெரும்பாலும் இராது.

இவ்விடத்தில் நம் சப்பிரகமுவ வாசிகள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சாதாரண பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்று குறிக்கப்பட்ட திரவம், புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துணி உலர்வதே பெரும்பாடு. இத்தகைய ஈரக்காற்றில் ஈராண்டு நின்ற காரின் பிரேக் ஒயில், மிகக் குறைவான தூரமே ஓடியிருந்தாலும், புதியதென்று கொள்ளத்தக்கதன்று. ஆதலின் தளத்துக்குச் செல்வோர் முதலில் செய்யவேண்டியது, பழைய ஒயிலை முற்றாக வெளியேற்றி, உயர்ந்த கொதிநிலையுள்ள புதிய ஒயிலை நிரப்புவதே. கோடி ரூபாய்க் காருக்கு இதைவிட மலிவான உயிர்க்காப்பு வேறில்லை என்பது நம் கருத்து.

அடுத்தபடியாகப் பேட்களை அதிக வெப்பம் தாங்குபவையாக மாற்றுவார்கள். சில சூப்பர் கார்களில் கார்பன் செராமிக் தட்டுகள் உண்டு. அவை இலேசானவை, வீதியில் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அடிக்கடி தளத்தில் ஓட்டித் தேய்ந்துவிட்டால் மாற்றும் செலவு தலையைச் சுற்றவைக்கும். அதற்கஞ்சித் தளத்துக்கென்று இரும்புத் தட்டுகளைப் பொருத்துவோரும் இருக்கின்றனர். அவர்களைக் கஞ்சர்கள் என்று நாம் சொல்லமாட்டோம்.

டயர் விஷயம் நம் பகுதிக்கு உறவானது. 1876ஆம் ஆண்டில் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நாட்டப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழி வந்ததுதான் இன்று விடியற்காலையில் நம்மவர் பால் வெட்டும் மரம். காரின் டயரில் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை இறப்பரால் ஆனதெனினும், அதன் உடற்பகுதியில் இயற்கை இறப்பருக்கு இன்றும் இடமுண்டு.

சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தத்தில் காலையில் காற்றடித்த டயர், தளத்தில் ஓடி உள்ளிருக்கும் காற்று 80 பாகைக்குச் சூடேறினால், ஏறத்தாழ 37 இறாத்தலைக் காட்டும். அழுத்தம் மிகும்போது டயர் நடுவில் புடைத்து, தரையைப் பற்றும் பரப்புக் குறைகிறது. ஆகவே சில சுற்றுக்கள் ஓடியபின், டயர் சூடாயிருக்கும்போதே அளந்து, தயாரிப்பாளர் கூறும் அளவுக்குக் காற்றைக் குறைப்பார்கள். நல்லதொரு காற்றழுத்த மானி பையிலிருக்க வேண்டும்.

சக்கரங்களின் சாய்வையும் மாற்றுவதுண்டு. வளைவில் கார் வெளிப்புறம் சரிவதால், சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே உட்புறமாகச் சிறிது சாய்த்துவைத்தால் டயர் தரையில் நன்கு படியும். சாய்வு மிகையானால் வீதியில் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துவிடும். ஆண்டில் நாலைந்து நாட்கள் மட்டும் தளத்துக்குப் போகும் காருக்கு நடுத்தரமான அளவே போதும். சுருள்வில்லை இறுக்கிக் காரைத் தாழ்த்துவதைப் பற்றியும் சிலர் பெருமை பேசுவர். மேடுபள்ளமான தளத்தில் மிக இறுகிய கார் துள்ளும். துள்ளும் கணத்தில் டயருக்குத் தரையில்லை. நிவித்திகல வீதியில் அதன் மூக்கு எத்தனை முறை இடிபடும் என்பது வேறு கதை.

எஞ்சின் ஒயிலின் அளவு, சக்கர நட்டுகளின் இறுக்கம், காருக்குள் உருண்டு மிதிக்கு அடியில் போகக்கூடிய தண்ணீர்ப் போத்தல் முதலியவற்றைப் பார்த்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். தலைக்கவசம் கட்டாயம். சாதாரண வாகனக் காப்புறுதி தளத்தில் நேரும் சேதத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பத்திரத்தை வாசித்துவிட்டே புறப்படவேண்டும். முதல் முறை செல்பவர், காருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளச் செலவிடலாம்.

வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி மக்கள் நின்ற இடத்தில் பாய்ந்தது. சிறுமியொருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். மேலும் பலர் காயமடைந்தனர். அது போட்டி, நாம் கூறிய பயிற்சி நாளன்று. என்றாலும் கட்டுமீறிய காருக்கு அந்த வேறுபாடு தெரியாது. வளைவின் வெளிப்புறத்தில், தடுப்பில்லாத இடத்தில், பிள்ளைகளை நிறுத்தலாகாது. கிட்ட நின்றால் நன்றாகத் தெரியும் என்று மாமாவோ சித்தப்பாவோ அழைத்தாலும் போகவேண்டாம்.

தளத்தில் கடைசிச் சுற்றைப் பிரேக் மிதியாமல் மெதுவாக ஓட்டி, தட்டுகளை ஆறவிடவேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்கக்கூடாது. கொதிக்கும் தட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். பின்பு டயர் நன்கு ஆறியதும் குறைத்த காற்றைத் திரும்ப அடிக்கவேண்டும். தளத்துக்கென்று செய்த மென்மையான டயர்களில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. தேங்கிய மழைநீரில் அவை மிதக்கும். கட்டுக்குருந்தையில் வெயில் காய்ந்த நாளிலும் மாலையில் இரத்தினபுரிப் பக்கம் அடைமழை பெய்யலாம். ஆகையால் வீதி டயர்களைப் பூட்டிக்கொண்டு திரும்புவதே முறை. கடும் வெப்பத்துக்கென்று செய்த பேட்களில் சில, குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்கமாட்டா. அவற்றையும் கழற்றிப் பழைய பேட்களைப் போட்டு, வாயிலுக்கு வெளியே வருமுன் மெதுவாக இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்க்கவேண்டும்.