வில் பையன்களுக்கு மட்டும்தானா?

என் மாமனாருக்கு வில் செய்வது பொழுதுபோக்கு. எங்கள் பக்கம் சீமைக் கருவேலைதான் காடாகக் கிடக்கிறது. கோணல்மாணலான அந்த மரம் வில்லுக்கு ஆகாது என்று, அருப்புக்கோட்டை போய் மூங்கில் வாங்கி வருவார். பிளந்து, நிழலில் உலர்த்தி, அரிவாளால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் வழிப்பார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால்தான் நாண் ஏற்றுவார்.

பக்கத்திலேயே உட்கார்ந்து என் மகளும் கற்றுக்கொண்டாள். போன வருஷம் அவள் பெரிய மனுஷி ஆனதும், "இனிமே பொட்டப்புள்ளைக்கு வில்லு எதுக்கு?" என்று அத்தை அதைப் பரணில் போட்டுவிட்டார். தம்பிக்கு மட்டும் தடை இல்லை!

நான் விடவில்லை. ராஞ்சி ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி, சின்ன வயதில் மூங்கில் வில்லில் பழகியவர். பிறகு உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றார். இரு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி, காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். நம் நாட்டுப் போட்டிகளில் மர, மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவும் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். மாமா ஒன்றும் பேசாமல் பரணில் ஏறி வில்லை எடுத்துக் கொடுத்தார். அத்தைக்கு இன்னும் முகச்சுளிப்புதான்.

ஒரு கண்டிப்பு மட்டும் பேரன், பேத்தி இருவருக்கும் உண்டு. ஆள், ஆடு மாடு நடமாடும் பக்கம் அம்பு விடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காகப் பெண் பிள்ளையின் கையைக் கட்டிப் போடலாமா, தோழியரே?

- ஒரு வாசகி, திருச்சுழி.