பால் கட்டா, வேறு கட்டியா?

வேப்பிலையை அரைத்துத் தடவி, குழந்தைக்குப் பால் மறக்கடித்த நாள்கள் நினைவிருக்கிறதா? முதல் சில நாள்கள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனக்கும். பிறகு மெல்லத் தளர்ந்துவிடும். 'பால் வற்றிப்போச்சு' என்பார்கள். உண்மையில், பாலைச் சுரந்த செல்களே பெருமளவில் இறந்துபோகின்றன.

பயப்படாதீர்கள். இது நோய் அல்ல, உடலின் ஒழுங்கான ஏற்பாடு.

நம் செல்கள் தாமாக உயிர் வாழ்வதில்லை. 'இரு, உனக்கு வேலை இருக்கிறது' என்று சுற்றிலுமிருந்து தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதைக் கொண்டுவரும் புரதங்களில் முக்கியமானவை வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டறிந்ததற்காகவே ரீட்டா லெவி மோண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லின் மேல்புறத்தில் அழைப்பு மணி போல ஏற்பிகள் இருக்கின்றன. வளர்ச்சிக் காரணி வந்து தொட்டால் மணி அடிக்கும், செல் உயிரோடிருக்கும். பால் மறக்கடித்ததும் இந்தத் தகவல் குறைகிறது. தேங்கிய பாலே 'போதும்' என்ற சமிக்ஞையையும் எழுப்புகிறது. சுண்டெலியின் ஒரே ஒரு காம்பை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். மற்ற காம்புகளில் குட்டிகள் குடித்துக்கொண்டிருந்தும், அடைத்த பக்கத்துச் செல்கள் மட்டும் இறந்தன. இரண்டு நாள்களுக்குள் குட்டிகளைத் திரும்பக் குடிக்கவிட்டால் பால் சுரப்பு மீளும். அதைத் தாண்டினால் மீளாது.

சரி, மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால்?

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு சுமார் 15 முதல் 20 பேருக்கு நடப்பது இதுதான். 'ஹெர்-2' என்ற ஏற்பியின் மரபணு பல மடங்காகப் பெருகிவிடுகிறது. ஏற்பிகள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று சேர்வதால், யாரும் தொடாமலே மணி அடிக்கிறது. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. இந்த வகை வேகமாகப் பரவக்கூடியது என்பதை 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். அந்த ஏற்பியையே பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் பிறகு, அஞ்சப்பட்ட இந்த வகையில் பிழைப்பவர்கள் அதிகமானார்கள். அதே வகை மருந்து இப்போது இந்தியாவிலும் தயாராகிறது.

இதிலிருந்து நாம் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பால் மறக்கடித்து வாரங்கள் கடந்தும் மார்பில் கட்டி தங்கியிருந்தால், 'பால் கட்டு, தானாகக் கரைஞ்சிடும்' என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பால் கொடுத்ததால் புற்றுநோய் வராது. தாய்ப்பால் கொடுப்பது அந்த ஆபத்தைக் குறைக்கவே செய்கிறது.

இரண்டு, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்தால், அதில் 'ஹெர்-2' வரியைத் தேடுங்கள். 3 பிளஸ் என்றால் பாசிட்டிவ். 0 அல்லது 1 பிளஸ் என்றால் நெகட்டிவ். 2 பிளஸ் என்றால் சந்தேகம். சந்தேகம் என்றால் 'ஃபிஷ்' என்ற மரபணுப் பரிசோதனை பார்த்தே உறுதி செய்வார்கள். அந்த வரியே இல்லையென்றால், "ஹெர்-2 டெஸ்ட் பண்ணியாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். டிராஸ்டுசுமாப் தொடங்கினால் இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பதும் அவசியம். சிலருக்கு அது இதயத்தின் பலத்தைக் குறைக்கலாம்.

அம்மாவோ, அக்காவோ, அத்தையோ... ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டு நிற்கும்போது, பக்கத்தில் இருந்து இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால் போதும்.