பாதரசமும் பர்சனாலிட்டியும்

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். வங்கி ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு. கோட்டுப் போட்ட பயிற்சியாளர் திரையில் மூன்று வட்டங்கள் போட்டுக் காட்டினார். ஒன்றில் பர்சனாலிட்டி, ஒன்றில் கல்ச்சர், ஒன்றில் எபிலிட்டி. மூன்றும் சேருகிற நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. "இதுதான் சார் வேலையிடத்துல உங்க நடத்தை. ஒருத்தர் ஏன் நல்லா வேலை செய்யறார், இன்னொருத்தர் ஏன் செய்யலை? எல்லாத்துக்கும் பதில் இதுக்குள்ள இருக்கு" என்றார்.

எல்லோரும் நோட்டில் வரைந்துகொண்டார்கள். நானும் வரைந்தேன். வரைந்துவிட்டுக் கேட்டேன்: "சார், இதுல சாதி எந்த வட்டத்துல வரும்?"

கூடத்தில் ரெண்டு இருமல் சத்தம். அவர் சிரித்தார். "தம்பி, இது சயின்டிஃபிக் மாடல். பாலிடிக்ஸ் வேண்டாமே." டீ இடைவேளையில் மேலதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்தார். "உங்களுக்கு நல்ல மூளை. அட்டிட்யூட்தான் கொஞ்சம்..." என்று இழுத்தவர், முடிக்காமலே போய்விட்டார்.

அவர் முடிக்காமல் விட்டதை நான் முடிக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

அந்த மூன்று வட்டங்களுக்குள் நாம் எப்படி விழுகிறோம் என்று முதலில் பாருங்கள் தோழர்களே. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தால் பர்சனாலிட்டி இல்லை. வாயைத் திறந்தால் அட்டிட்யூட். கணக்கு ஒரு பைசா பிசகாமல் முடித்துக் கொடுத்தால் "பரவாயில்லையே, கோட்டாவுல வந்தும்..." ஒரு நாள் பிசகினால் "அதான் கோட்டா." பக்கத்து மேசைக்காரர் பிசகினால் அது வேலைப்பளு. அவர் தப்பு அவரோடு போய்விடுகிறது. என் தப்பு என் தெருவுக்கே போய்ச் சேருகிறது.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. மதராஸ் அரசு மியூசியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். மனிதர்களை நிறுத்திவைத்து மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். இன்ன சாதிக்கு இன்ன குணம் என்கிற பேச்சு அந்தக் காலத்து அரசாங்கப் புத்தகங்களில் தாராளமாக ஓடியது. இந்தப் பழனி மலையில் குன்னுவர்களின் நிலங்களில் அடிமைகளாக உழைத்த புலையர்களைப் பற்றி நெல்சன் 1868இலேயே மதுரை நாடு பற்றிய நூலில் எழுதிவைத்திருக்கிறார். அடிமையாக வைத்திருக்கப்பட்டவன் நிமிர்ந்து பார்க்காததைக் குணம் என்று எழுதுவதற்கு ஒரு அதிகாரி வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் கையில் அளவுகோல். இன்றைக்கு அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கேள்வித்தாள் கொடுக்கிறார். 'நீங்கள் கூட்டத்தில் தயங்காமல் பேசுவீர்களா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடவும்.'

எந்தக் கூட்டம், யார் முன்னாடி, பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

*

பயிற்சி முடிந்த சாயங்காலம் செயின்ட் மேரீஸ் ரோடு வழியாக நடந்தேன். அந்தச் சாலையில்தான் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய ஆலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து 1980களின் தொடக்கத்தில் இங்கே நிறுவினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி. பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதும் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். நடுவில் நின்றது மலையிலும் அடிவாரத்திலும் பிறந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் டன் கணக்கில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடப்பது வெளியே தெரிந்தது. ஊர் திரண்டது. ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு பாம்பார் சோலை வரைக்கும் போயிருந்தது. 2003இல் கிட்டத்தட்ட 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

கண்ணாடிக் கழிவு கம்பெனியின் நடைமுறையை மீறி விற்கப்பட்டுவிட்டது என்பது கம்பெனி சொன்ன விளக்கம். நடைமுறை சுத்தம், மீறினவன்தான் குற்றவாளி என்கிற தொனியைக் கவனியுங்கள். நடத்தை கெட்டது, அமைப்பு நல்லது! ஆனால் உள்ளே நின்று வேலை பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: பாதரசம் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் வரவில்லை என்று கம்பெனி கடைசிவரை மறுத்தே வந்தது.

பாதரசத்தைப் பற்றி ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. அது அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சோடு போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும். கை நடுங்கும். அதோடு நிற்காது. நாள்பட மூச்சில் இழுத்தவர்களுக்கு அளவுக்கு மீறின கூச்சம், ஆட்களைக் கண்டால் ஒதுங்குவது, சட்டென்று எரிச்சல், மறதி, தன்னம்பிக்கை போய்விடுவது எல்லாம் வரும் என்று மருத்துவ நூல்கள் பட்டியல் போடுகின்றன. ஐரோப்பாவில் கம்பளித் தொப்பி செய்தவர்கள் பாதரச உப்பில் வேலை பார்த்து இப்படி ஆனார்கள். ஊரார் அவர்களைப் பைத்தியத்துக்கு உவமையாகச் சொன்னார்கள்.

இப்போது அந்தப் பயிற்சியாளரை அப்படி ஒரு தொழிற்சாலைக்குள் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர் என்ன எழுதுவார்? 'கூச்ச சுபாவம். குழுவோடு சேரமாட்டார். எளிதில் எரிச்சலடைகிறார். ஞாபகத் திறன் குறைவு.' மூன்று வட்டத்திலும் மார்க் போட்டுவிடுவார். காற்றை மட்டும் சோதிக்கமாட்டார்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒருத்தன் குணத்தை எழுதுவதற்கு முன்னால் அவன் மூச்சுவிடுகிற காற்றை எடுத்துச் சோதி. நம் அலுவலகங்களில் நிறம், மணம் இல்லாமல் நிற்கிற ஆவிக்குச் சாதி என்று பெயர். இருபது வருஷம் அதை இழுத்தவனைப் பார்த்து 'இவனுக்குத் தன்னம்பிக்கை போதாது' என்பது ஆராய்ச்சி ஆகாது. அயோக்கியத்தனம்.

*

இது கவிஞனின் உவமை, ஆதாரம் இல்லை என்று சொல்வீர்கள். ஆதாரம் இருக்கிறது.

கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற ரெண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களிடம் ஒரு சோதனை நடத்தி 2004இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் ஆதிக்க சாதி, பாதிப் பேர் தலித். தாளில் போட்ட சிக்கல் பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சாதி தெரியாமல் உட்கார்ந்தபோது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் போட்டார்கள். வேறு சில குழுக்களில், எல்லோர் முன்னாலும் பேர், அப்பன் பேர், தாத்தன் பேர், ஊர், சாதி என்று உரக்கப் படித்துவிட்டு உட்காரவைத்தார்கள். தலித் பையன்கள் போட்டு முடித்தது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. அதே மாதிரிப் பையன்கள். அதே மாதிரி மூளை. நடுவில் ஒரே ஒரு அறிவிப்பு.

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அறிவிப்பை நான் கேட்டிருக்கிறேன். அதிகாரி பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு எழுதினேன். அங்கே எனக்குப் பேர் கிடையாது, எண்தான். தேறினேன். நேர்முகத்தில் மூன்று பேர். முதல் கேள்வி: "சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?" கேட்டவர் சிரித்த முகமாகத்தான் கேட்டார். அடுத்த கேள்வி வாராக்கடன் பற்றி. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று தினமும் கவுண்டரில் நின்று சொல்கிற ஆள் நான். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முடிவு வந்தது. எழுத்தில் எனக்குக் கீழே இருந்தவர் மேலே போனார். எனக்குத் 'தலைமைப் பண்பு போதாது' என்று காதுக்கு வந்தது.

திறமை, திறமை என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 335ஆவது பிரிவே நமக்கான வேலை உரிமையைச் சொல்லிக்கொண்டே, நிர்வாகத் திறனுக்குப் பங்கம் வராதபடி என்று ஒரு முடிச்சும் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்த 2000இல் 82ஆவது திருத்தம் வரவேண்டியிருந்தது. சரி, திறன் கெட்டுப்போனதா? அஷ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் இருவரும் ரயில்வேயில் 1980 முதல் 2002 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தலித், பழங்குடி ஊழியர் கூடினதால் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு ஒரு தடயமும் அகப்படவில்லை. மேல் பதவிகளில் அவர்கள் கூடினபோது திறன் கூடியிருப்பதற்கு அறிகுறிகூட இருந்தது. இந்தக் கட்டுரையை எந்தப் பயிற்சி வகுப்பிலாவது விநியோகித்திருக்கிறார்களா?

'அப்படியானால் தனிமனித குணமே கிடையாதா? நம்மாளுகளில் சோம்பேறி இல்லையா?' இருக்கிறான். எல்லாச் சாதியிலும் இருக்கிற மாதிரி இருக்கிறான். சோம்பேறியாக இருந்தும் 'அவர் கொஞ்சம் ரிலாக்ஸ் டைப்' என்று சொல்லப்படுகிற உரிமை நமக்கு மட்டும்தான் இல்லை.

*

இப்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இத்தனையும் வெறும் வாய்ச்சவடால்.

எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருகிறார். ஒப்பந்தக் கூலி. டீ வரும்போது எல்லோருக்கும் பீங்கான் கப். அக்காவுக்கு ஜன்னல் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. "ரொம்ப நல்ல சுபாவம், வாயே திறக்கமாட்டா" என்று மேனேஜர் அவரைப் புகழ்வார். நானும் இரண்டு வருஷம் பீங்கான் கப்பில் குடித்துக்கொண்டு அந்தப் புகழ்ச்சிக்குத் தலையாட்டினேன். ஏன்? எனக்கும் 'நல்ல சுபாவம்' சர்டிபிகேட் தேவைப்பட்டது. கவிதையில் கலகம் செய்துவிட்டுக் கவுண்டரில் பணிவாக உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி வகுப்புக்கு மறுநாள் கப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் "அக்கா, இதுல குடிங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்குத் தம்பி வம்பு. கான்ட்ராக்ட்காரன் நாளைக்கு வேற ஆள அனுப்புவான்" என்றார். அவருடைய 'சுபாவம்' முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அது குணம் இல்லை, கணக்கு. என்னைவிடத் தெளிவாக அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நான் வேறு வழியில்லாமல் என் கப்பைக் கழுவி வைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்து அதிலேயே குடிக்க ஆரம்பித்தேன். அலுவலகம் முழுக்கப் பேச்சு. டம்ளர்கள் இப்போது ஜன்னல் மேல் ரெண்டு இருக்கின்றன. இது வெற்றி இல்லை. அக்காவின் கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

ஏறுவதற்கு என்ன வழி என்பதையும் இந்த மலையே சொல்லியிருக்கிறது. 2001இல் வேலையும் போய், உடம்பும் போய் நின்ற அந்தத் தெர்மாமீட்டர் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் 591 பேருக்காகக் கம்பெனி உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது. பதினைந்து வருஷம்! மண்ணிலும் மரத்திலும் படிந்த பாதரசத்தின் வழக்கு வேறு, அந்தக் கணக்கு உடன்பாட்டோடு தீரவில்லை. ஆனால் 'சொன்னதைச் செய்கிறவர்கள்' என்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் பதினைந்து வருஷம் பின்வாங்காமல் நின்றார்கள். மலைக்கு மேற்கே மூணாறில் 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ஆண் தலைவர்களின் சங்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதம் வாங்கினார்கள். அடங்கின பெண்கள், பொறுமைசாலிகள் என்று நூறு வருஷமாகத் தோட்டத்துக்காரன் எழுதிவைத்த பர்சனாலிட்டி ஒன்பது நாளில் எங்கே போனது? பக்கத்தில் ஆள் இருந்தது. அதனால் பயம் போனது.

மாணவத் தோழர்களே, நாளை நீங்கள் வேலைக்குப் போவீர்கள். மூன்று வட்டம் உங்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள். அப்போது மனம் சுருங்கி, தன்னைத் திருத்திக்கொள்ளும் புத்தகம் வாங்கப் போகாதீர்கள். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் எவ்வளவு, நேர்முக மதிப்பெண் எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். இடஒதுக்கீட்டு ரோஸ்டர் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்குகிறவரின் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள், அவரையும் சேர்த்துச் சங்கம் கட்டுங்கள். முதலில் ஜன்னல் மேல் இருக்கிற டம்ளரைப் பாருங்கள்.

இது அட்டிட்யூட்தான் சார். நீங்கள் முடிக்காமல் போன வாக்கியத்தை நானே முடித்துவிட்டேன்.